நடைவாசலுக்கு ஆள் வச்சீரா, மருமவனே?

வாரும் மருமவனே, வாரும். செருப்ப அந்த வேப்பமரத்து நெழலுக்குள்ள தள்ளி விடும். சித்திரை வெயில்ல கெடந்தா போகும்போது காலு பொரிஞ்சிரும். உக்காரும். உம்ம அத்தை வடைக்கு மாவாட்டியாச்சு. சட்டி காயற வரைக்கும் நாம பேசிக்கிட்டிருப்போம்.

நேத்து நீரு குடுத்துட்டுப் போன மிஷினப் பத்தித்தான் பேச்சு. மண்ணுல ஈரம் பாக்குத மிஷினு. அழகுன்னா அழகு, கண்ணு பட்டுரும். கையகலம், ஓரமெல்லாம் மழமழன்னு, நடுவுல ஒரு குட்டித் திரை. பாத்திக்கு எப்பத் தண்ணி விடணும்னு அதுவே சொல்லுதாம். எங்கப்பன் கட்டை விரலை மண்ணுல குத்திப் பாத்துட்டு ஓசியில சொன்னத, நீரு பத்து மாசம் உக்காந்து ஒரு பெட்டிய வச்சுச் சொல்ல வச்சிருக்கீரு. நல்லா இரும். அதுல நான் குத்தம் சொல்லல.

ஒரே ஒரு சங்கதி. ராத்திரி அத்தை அதச் சார்ஜுல போட்டா. பேத்தியோட லேப்டாப் சார்ஜரு. ரெண்டு முனையும் டைப்-சியா உள்ள வயரு. விடிஞ்சு பாத்தா மிஷினு செத்த எலி மாதிரி கெடக்கு. உமக்குப் போன் போட்டா, "சார்ஜர்ல கோளாறா இருக்கும் மாமா"ங்கீரு. அத்தை அதே சார்ஜர்ல அவ போனைச் செருகுனா, ஏறுது. பேத்தி லேப்டாப்பைச் செருகுனா, ஏறுது. பந்தியில ஊரே சாப்பிட்டுட்டுக் கைகழுவப் போயாச்சு; உம்ம பிள்ளை மட்டும் எலையக் கவுத்தி வச்சிட்டு உக்காந்திருக்கு. குத்தம் சமையக்காரன் மேலயா?

சரின்னு ஸ்குரூவக் கழத்திப் பாத்தேன். மொறைக்காதயும். நாப்பது வருசம் ரேடியோ மெக்கானிக்கா இருந்தவன் கையில மூடுன பெட்டியக் குடுத்தது உம்ம தப்பு.

உள்ள என்ன மூளை! என்ன வைஃபை வித்தை! ஆனா கரண்டு உள்ள வாற எடத்தப் பாத்தா... மருமவனே, நீரு ஒரு அரமனை கட்டியிருக்கீரு. ஊஞ்சல் இருக்கு, ஆளுயரக் கண்ணாடி இருக்கு, சரவெளக்கு தொங்குது. நடைவாசல்ல மட்டும் ஒரு கிழிஞ்ச சாக்கைக் கட்டித் தொங்க விட்டிருக்கீரு. நாய் வரும், மாடு வரும், மழைத்தண்ணி வரும், வட்டிக்காரன் வருவான். எல்லாத்துக்கும் அந்தச் சாக்குதான் காவல்.

மொதல்ல அத்தை வழக்க முடிச்சிருவோம். பழைய யுஎஸ்பி இருக்கு பாத்தீரா, அந்தச் சப்பை முனை, அது மடத்துச் சோறு. எவன் வந்து எலையப் போட்டாலும் 5 வோல்ட்டு விழும். டைப்-சி சார்ஜரு அப்படிப்பட்ட வீட்டுல பொறக்கல. கதவுக்குப் பின்னால நின்னுக்கிட்டு "யாரது?"ன்னு கேக்கும். பதில் சொல்லுததுக்குன்னே ரெண்டு காலு உண்டு, சிசி1, சிசி2-ன்னு. ஒவ்வொரு காலுலயும் தனித்தனியா ஒரு 5.1 கிலோ ஓம் ரெஸிஸ்டர் போட்டுக் கிரவுண்டுல கட்டுனா, "நான்தான், பசிச்சு வந்திருக்கேன்"னு அர்த்தம். அப்பத்தான் கதவு தொறக்கும். நீரு ரெண்டையும் அந்தரத்துல விட்டிருக்கீரு. ராத்திரி பூரா சார்ஜரு "யாரது, யாரது"ன்னு கேட்டிருக்கு. உம்ம மிஷினு புதுப்பொண்ணு மாதிரி தலையக் குனிஞ்சிக்கிட்டு வாயே தொறக்கல.

"எங்கிட்ட ஏறுச்சே மாமா"ன்னு கேப்பீரு. ஏறும். உம்ம மேசையில கெடக்கது ஒரு முனை சப்பை, ஒரு முனை சி. அங்கிட்டு மடத்துச் சோறு; யாருன்னு கேக்க ஆளே கெடையாது. உம்ம மேசை உம்மளப் பாத்துச் சிரிச்சதையே நீரு ஊரு சிரிச்சதா நெனச்சுட்டீரு.

ரெண்டு ரெஸிஸ்டர், வெலை கேட்டா கடைக்காரன் சில்லறை இல்லைம்பான். "ரெண்டு எதுக்கு, ரெண்டு காலையும் சேத்துக் கட்டி ஒண்ணே போட்டா என்ன"ன்னு கணக்குப் பாத்துராதயும். அப்படிப் பாத்தவங்களும் உண்டு, சின்ன ஆளு இல்ல. 2019 ஜூன் மாசம் வந்த ராஸ்பெர்ரி பை 4-ல அதத்தான் செஞ்சாங்க. சில வயருக்குள்ளயே இ-மார்க்குன்னு ஒரு சில்லு கெடக்கும். அந்த வயரச் செருகுனா, ரெண்டு காலும் ஒட்டிக் கெடந்ததால சார்ஜருக்குக் கணக்குத் தப்பி, "இது பாட்டுக் கேக்குத ஹெட்போன் சாமான், இதுக்கு எதுக்குச் சோறு"ன்னு கதவத் தொறக்கல. அப்புறமா போர்டைத் திருத்தினாங்க. அவங்களுக்கே அப்படின்னா உமக்கு வெக்கம் வேண்டாம். வேணும்னா சாயங்காலமா கொஞ்சம் பட்டுக்கிடும்.

இப்பப் பேட்டரிக் கட்டைக்கு வருவோம். 18650, 18 மில்லிமீட்டர் குண்டு, 65 மில்லிமீட்டர் நீளம், பேருலயே ஜாதகம். கழத்தி மாட்டுத மாதிரி வச்சது நல்ல புத்தி. ஆனா கழத்தி மாட்டப் போறது யாரு? மேட்டுக்காட்டுக்காரன். எப்ப? ராத்திரி பதினோரு மணிக்கு மும்முனை கரண்டு வந்ததும், மோட்டார் ரூம்ல, வாயில பீடி, கையில சேறு. ப்ளஸ் எந்தப் பக்கம்னு நீரு உள்ளுக்குள்ள எறும்பு எழுத்துல பொறிச்சிருக்கீரு. அவன் கண்ணாடி வீட்டு மாடக்குழியில இருக்கு.

சிரிக்காதயும். எனக்கே நடந்திருக்கு. ஒரு அம்மன் கொடைக்கு ரேடியோ செட்டு கட்டப் போயிருந்தேன். கரண்டு போயிருச்சு. டிராக்டர் பேட்டரில ஆம்பிளிபயரக் குடும்னு தர்மகர்த்தா அவசரப்படுத்துதாரு. இருட்டுல செவப்பு எது, கறுப்பு எதுன்னு தெரியல. கை போன பக்கம் மாட்டுனேன். மருமவனே, அந்தப் பொகையோட வாடை இருக்கே! சாமியாடிக்கிட்டிருந்தவன்கூட ஆட்டத்த நிறுத்திட்டு மூக்கைப் பொத்துனான். அத்தோட அந்தக் கோயில்ல எனக்குச் செட்டு வேலை போச்சு. விபூதி மட்டும் குடுக்காங்க.

அதுக்கப்புறம் நான் தொட்ட எந்தப் பெட்டிக்கும் ப்ளஸ் வயருல ஒரு 4007 டையோடு வைக்காம மூடுனது இல்ல. ஒருவழிக் கதவு. நேரா வந்தா விடும், தலைகீழா வந்தா அடைச்சிரும். 12 வோல்ட்டு பெட்டிக்கு அது தங்கம். ஆனா அந்தக் கதவுல நுழைய 0.7 வோல்ட்டு சுங்கம் கட்டணும். உம்ம கட்டையில இருக்கதே 3.7. கணக்குப் போட்டுப் பாரும், ரூவாய்க்கு 19 பைசா வாசல்லயே போச்சு. 5819 மாதிரி ஷாட்கி டையோடு போட்டா 0.3 சுத்தி வரும், 8 பைசா. கலியாணத் தரகனுக்குக் குடுக்குத மாதிரி ஒருநாள் குடுத்தா பரவாயில்ல. இது தெனமும் வாசல்ல வந்து நிக்குத தரகன்.

உங்க காலத்துல அதுக்கு ஒரு நல்ல ஆள் வந்திருக்கான். பி-சேனல் மாஸ்பெட். 3401-னு கேட்டா உளுந்து அளவுல ஒண்ணு குடுப்பான். ட்ரெயின் காலு கட்டையோட ப்ளஸ் பக்கம், சோர்ஸ் காலு மிஷினு பக்கம், கேட் காலு மைனஸ் பக்கம். பாத்தா தலைகீழாக் கட்டுன மாதிரி தெரியும், அதான் சரி. அவன் வயித்துக்குள்ள பொறக்கும்போதே ஒரு டையோடு இருக்கு. கட்டை நேரா விழுந்தா மொதல்ல அது வழியாக் கரண்டு எட்டிப் பாக்கும். பாத்ததும் சோர்ஸ் உசரும், கேட் தாழ நிக்கும், கதவு ஆஆன்னு தொறந்திரும். தொறந்த கதவுக்குத் தடை 60, 70 மில்லி ஓம். உம்ம மிஷினு 0.3 ஆம்பியர் இழுத்தா நஷ்டம் 20 மில்லி வோல்ட்டு. ரூவாய்க்கு அரைப் பைசா! தலைகீழா விழுந்தா கதவும் தொறக்காது, வயித்து டையோடும் அடைச்சிக்கிடும். சோர்ஸையும் ட்ரெயினையும் மாத்திக் கட்டிட்டீருன்னா, நேரா போட்டாலும் ஓடும், தலைகீழாப் போட்டாலும் உள்ள போய் எரிக்கும். அப்புறம் அதுக்குப் பேரு காவக்காரன் இல்ல, கூட்டுக்களவாணி.

அவனையும் ஏமாத்தலாம், சொல்லிட்டேன். சார்ஜரு செருகியிருக்கும்போது கட்டையத் தலைகீழாப் போட்டா, உள்பக்கம் ஏற்கெனவே 4 வோல்ட்டு நிக்கதால வீட்டுக்காரரே கூப்பிடுதாருன்னு நெனச்சுக் கதவத் தொறந்து விட்டுருவான். அதனால கட்டை உக்காருத குழியையே ஒழுங்கா வாரும். ப்ளஸ் தகட்டுக்கு ரெண்டு பக்கமும் பிளாஸ்டிக் வரப்பு வச்சா, மொட்டுத் தலை மட்டுந்தான் உள்ள எட்டும். தட்டைப் பக்கம் முட்டிக்கிட்டு நிக்கும். மொட்டைத் தலைக் கட்டைக்கு இந்த வித்தை ஆகாது. எந்தக் கட்டைன்னு மொதல்லயே முடிவு பண்ணும்.

பீஸு எங்கன்னு தேடிப் பாத்தேன், காணும். சரி, மறந்திருப்பீரு. தானா ஆறுத பாலிபீஸு ஒண்ணு போடும். சுவிச்சுக்கு அப்புறம் இல்ல, கட்டையோட காலடியில. அந்தக் குட்டிக் கட்டை வயரு ஒட்டிக்கிட்டா பத்து இருபது ஆம்பியர் தள்ளும். நடுவழியில போலீஸ்காரன நிறுத்தி என்ன, திருடன் வாசல்லல்லா இருக்கான்.

இனிமேதான் உண்மையான கூத்து. சார்ஜு ஏத்துததுக்கு ஒரு 4056 வச்சிருக்கீரு. எல்லாப் பயலும் வைக்கதுதான், வெலை கம்மி, வேலை சுத்தம். 4.2 வோல்ட்டு வரைக்கும் நிதானமா ஏத்தி, கரண்டு பத்துல ஒரு பங்காக் கொறைஞ்சதும் "போதும்"னு நிறுத்திக்கிடும். கூட ஒரு 1.2 கிலோ ஓம் ரெஸிஸ்டர் இருக்கு. அதுக்கு அளவு 1 ஆம்பியர். 2,500 மில்லி ஆம்பியர் மணி கட்டைக்கு அது தோதுதான். நாளைக்குப் பெட்டியச் சின்னதாக்குதேன்னு 200 மில்லி ஆம்பியர் மணி கட்டையப் போட்டுட்டு அந்த ரெஸிஸ்டர மாத்த மறந்தீருன்னா, கைக்கொழந்தை வாயில கெணத்து மோட்டார வச்ச கதை.

கூத்து அது இல்ல. நீரு மிஷின நேரா கட்டையோட காலுலயே கட்டியிருக்கீரு. சார்ஜரும் அங்கதான், கட்டையும் அங்கதான், மிஷினும் அங்கதான். ஒரே தொழுவுல காளை, கன்னு, கறவை. சார்ஜரு எப்ப நிறுத்தும்? 1 ஆம்பியர்ல பத்துல ஒண்ணு, 100 மில்லி ஆம்பியருக்குக் கீழ வந்தா. உம்ம மிஷினு முழிச்சிருக்கும்போது தானே 120 குடிக்குது. குடம் நெறஞ்சு போச்சு. ஒருத்தன் தூருல வாய வச்சு உறிஞ்சிக்கிட்டே இருக்கான். அத்தை "இன்னும் நெறையலையே"ன்னு ஊத்திக்கிட்டே நிக்கா. கட்டை 4.2-லயே நாள்பூரா கெடந்து கெழடு தட்டும்.

இதுக்கு அண்ணன் ஒருத்தன் இருக்கான். கட்டை ஒட்ட வறண்டு 2.9 வோல்ட்டுக்குக் கீழ போச்சுன்னா, 4056 பயந்து பயந்து 130 மில்லி ஆம்பியர்தான் விடும். பட்டினி கெடந்தவனுக்கு எடுத்த எடுப்புல பிரியாணி குடுக்கக் கூடாதுன்னு அதுக்குத் தெரியும். உம்ம மிஷினு முழிச்சுக்கிட்டா, அந்தக் கஞ்சியில 120-ஐ அது வழிமறிச்சுக் குடிச்சிருது. கட்டைக்கு மிஞ்சுதது பத்து. விடிய விடியச் சார்ஜுல கெடந்தாலும் எந்திரிக்காது. வாங்குனவன் என்ன நெனைப்பான்? கட்டை செத்துப்போச்சுன்னு நெனைப்பான். உம்மள நெனைப்பான். ரெண்டாவது நெனைக்கதுல கொஞ்சம் கெட்ட வார்த்தையும் இருக்கும்.

எங்க காலத்து டூ-இன்-ஒன் செட்டு நெனவிருக்கா? நீரு பொறக்கல. பின்னால அடாப்டர் செருகுத ஒரு ஓட்டை இருக்கும். அந்த ஜாக்குல மூணு காலு. முனை உள்ள போகும்போது ஒரு பித்தளைத் தகட்ட ஒதுக்கித் தள்ளும். அந்தத் தகடு விலகுனதும் கட்டைக்கும் செட்டுக்கும் தொடர்பு அறுந்திரும். வெளிக்கரண்டு இருக்குத வரைக்கும் செட்டு அதுல பாடும், கட்டை தூங்கும். உருவுனதும் தகடு திரும்பி வந்து ஒட்டிக்கிடும், கட்டை முழிச்சிக்கிடும். ஒரு இணுக்குத் தகடு, மருமவனே! அதுக்குத்தான் இன்னைக்கு பவர் பாத், லோடு ஷேரிங்னு பேரு வச்சு வகுப்பு எடுக்கீங்க. (அந்த ஜாக்குலயும் ஒரு சனியன் உண்டு. ஒரு கம்பெனி நடு ஊசியில ப்ளஸ் வைப்பான், இன்னொருத்தன் மைனஸ் வைப்பான். அடாப்டர் மாத்திச் செருகிச் செத்த செட்டுகளாலதான் எங்க வீட்டு ஓடு மாறி கான்கிரீட்டு ஆச்சு.)

இப்ப அந்தத் தகட்டு வேலைய இன்னொரு பி-சேனல் மாஸ்பெட்டுகிட்டக் குடும். கட்டைக்கும் மிஷினுக்கும் நடுவுல அவன நிறுத்தும். அவன் கேட் காலை யுஎஸ்பி 5 வோல்ட்டுல கட்டும், ஒரு ரெஸிஸ்டர் வழியா கிரவுண்டுக்கும் இழுத்து விடும். 5 வோல்ட்டுல இருந்து மிஷினுக்கு ஒரு ஷாட்கி டையோடு. சார்ஜரு வந்தா கேட் உசரும், கட்டைக் கதவு சாத்திக்கிடும், மிஷினு டையோடு வழியா வெளிச்சோறு தின்னும். கட்டை தனியா ஏகாந்தமா ஏறும். சார்ஜரு போனா கேட் தாழும், கதவு தொறக்கும். அந்த இழுக்குத ரெஸிஸ்டர 100 கிலோ ஓம்னு சோம்பேறித்தனமாப் போட்டுராதயும். 5 வோல்ட்டு லயன்ல 10 மைக்ரோ ஃபாரட் கண்டன்சர் இருந்தா, ரெண்டையும் பெருக்கிப் பாரும், ஒரு செகண்டு. நீங்க கெப்பாசிட்டர்ம்பீங்க, எனக்குக் கண்டன்சர்தான். வயர உருவுன பெறகும் கேட் இறங்க அவ்வளவு நேரம் மசமசன்னு நிக்கும். அதுக்குள்ள உம்ம மிஷினு ஒரு மயக்கம் போட்டு எந்திரிச்சிரும். 10 கிலோ ஓம் போடும். காசு இருந்தா இந்த வேலையெல்லாம் தானே பாக்குத பிகியு24075 மாதிரி ஒரே ஐசி வாங்கும். நான் தகட்டுக்காரன், எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்.

ஏட்டி, எண்ணெ காயுதா? காயுதாம்.

சூட்டச் சொன்னதும் நெனவு வருது. 5 வோல்ட்டுல வாறத 3.7-க்கு இறக்குததுக்கு 4056-க்குத் தெரிஞ்ச ஒரே வழி, மிச்சத்தைச் சூடாக்கி வீசுதது. 1 ஆம்பியர்ல 1.3 வாட்டு, கட்டை 3 வோல்ட்டுல கெடந்தா 2 வாட்டு. அத மூடுன பிளாஸ்டிக் பெட்டிக்குள்ள, கட்டைக்கு முதுகு ஒட்டி வச்சிருக்கீரு. அதையும் டிராக்டர் டேஷ்போர்டுல, கத்திரி வெயில்ல போட்டு வைப்பான். லித்தியம் கட்டைய 45 டிகிரிக்கு மேல ஏத்தக் கூடாது, 0 டிகிரிக்குக் கீழயும் ஏத்தக் கூடாது. கீழ உள்ள கவலைய ஊட்டிக்காரனுக்கு விட்டிருவோம். மேல உள்ளது நம்ம கவலை. 4056-க்கு இதப் பாக்க ஒரு காலு உண்டு, 10 கிலோ ஓம் தெர்மிஸ்டர் கட்டுததுக்கு. நீரு கடையில வாங்குன குட்டிப் போர்டுல அந்தக் காலைக் கிரவுண்டுல கட்டிப் போட்டிருக்கான். காச்சல் பாக்க வந்த டாக்டரம்மா வாயில துணிய அடைச்ச மாதிரி. அவுத்து விடும்.

இன்னொண்ணு கேளும். உம்ம கிணத்து மோட்டாரு ஓடும்போது கடைசி வால்வைப் பட்டுன்னு அடைச்சா என்ன ஆகும்? குழாய் டங்குன்னு குதிக்கும். ஓடி வந்த தண்ணிக்கு நிக்கத் தெரியாது. வயருல ஓடி வாற கரண்டுக்கும் அதே புத்திதான். சார்ஜரு வயரச் செருகுன நிமிசம், உம்ம வாசல்ல இருக்குத காலி செராமிக் கண்டன்சரப் பாத்துக் கரண்டு பாய்ஞ்சு வருது. அது நெறஞ்ச பெறகும் நிக்காம முட்டுது. 5 வோல்ட்டு ஏறக்குறைய ரெண்டு மடங்கு வரைக்கும் எகிறலாம். கண் சிமிட்டுத நேரந்தான், ஆனா 4056-ஓட உசுரு எல்லை 8 வோல்ட்டு. லீனியர் டெக்னாலஜிக்காரன் இதுக்குன்னே 'அப்ளிகேஷன் நோட் 88'னு ஒரு குறிப்பே போட்டிருக்கான். படிச்சீரா? படிச்சிருக்க மாட்டீரு. நீரு டேட்டாஷீட்டே மொதப் பக்கந்தானே பாப்பீரு. மொதப் பக்கம் மாப்பிள்ளை வீட்டுக்காரன் சொல்லுத பவுசு, மருமவனே. மாரகத்தானம் உள்ள இருக்கு, 'அப்சல்யூட் மேக்ஸிமம்'னு போட்டு. அதப் பாத்துட்டுத் தாலி கட்டும்.

மருந்து சாதாரணம். செராமிக்கு பக்கத்துல ஒரு பழைய பாணி எலக்ட்ரோலைட்டிக் கண்டன்சர நிறுத்தும். அதுக்குள்ள கொஞ்சம் தடை இருக்கு. துள்ளுத கன்னுக்குட்டி கழுத்துல கட்டை கட்டுன மாதிரி அடக்கும். வாசல்ல ஒரு டிவிஎஸ் டையோடும் வையும். டிவிஎஸ்னதும் மொபெட்ட நெனச்சுக்காதயும்.

கடைசியா ஒண்ணு, இது எனக்கு வயித்தெரிச்சல். கட்டையில இருந்து 3.3 வோல்ட்டு எடுக்க என்ன வச்சிருக்கீரு? 1117. அது இறக்கி விடணும்னா தனக்குன்னு ஒரு வோல்ட்டுக்கு மேல கேக்கும். 3.3-ஐயும் 1.1-ஐயும் கூட்டும், 4.4. உம்ம கட்டை நெறஞ்சு வழிஞ்சாலே 4.2! ஆக அது பொறந்த நாள்ல இருந்து ஒருநாளும் அதோட வேலையச் செஞ்சதே இல்ல. சம்பளம் மட்டும் வாங்குது. எவ்வளவு? நீரு மிஷினத் தூங்க வச்ச பெறகும் 5 மில்லி ஆம்பியர். உம்ம இஎஸ்பி32 மூளை தூங்கும்போது வெறும் 10 மைக்ரோ ஆம்பியர்தான் குடிக்குதுன்னு பெருமையாச் சொன்னீரே. ராசா தூங்குதாரு, வாசக்காரன் ஐந்நூறு பங்கு சாப்பிடுதான். 2,500-ஐ 5-ஆல வகுத்தா 500 மணி நேரம். இருபத்தோரு நாளு. பெட்டிய வாங்கி ஒரு பக்கம் வச்சுட்டு மாமியா வீட்டுக்குப் போனவன் திரும்பி வந்தா, தொடாத மிஷினு வறண்டு கெடக்கும்.

அதுக்குப் பதிலா எம்சிபி1700-னு ஒண்ணு இருக்கு, 1.6 மைக்ரோ ஆம்பியர் குடிக்கும். வருசம் பூரா குடிச்சாலும் 14 மில்லி ஆம்பியர் மணி. ஆனா 250 மில்லி ஆம்பியருக்கு மேல தூக்காது. உம்ம மிஷினு வைஃபைல கூவும்போது அதுக்கு மேல கேக்கும். அதனால 500, 600 தூக்குதது, சில மைக்ரோ ஆம்பியர்ல அடங்கி இருக்கதாப் பாத்துப் போடும். கட்டை அளவு பாக்கதுக்கு 100 கிலோ ஓம் ரெண்டு போட்டு நிரந்தரமாக் கட்டி வச்சிருக்கீரே, அது 21 மைக்ரோ ஆம்பியர். சின்னச் சொட்டுதான், வருசத்துக்கு 184 மில்லி ஆம்பியர் மணி ஆகுது. பாக்கும்போது மட்டும் தொறக்குத மாதிரி அதுக்கும் ஒரு தாழ்ப்பா போடும். போர்டுல எரியுத அந்தச் செவப்பு எல்இடி, அது யாருக்கு? மூடுன பெட்டிக்குள்ள மரவட்டை படிக்கவா?

ஒண்ணு விட்டுப்போச்சு. கட்டை தீந்ததும் 3.0 வோல்ட்டுல நிறுத்துதீரு, சரி. ஆனா அதே 3.0-லயே திரும்பத் தொறக்கீரு பாரும், அங்கதான் என்னைய நீரு புரிஞ்சிக்கிடல. நான் வாய்க்கா வெட்டுதேன், முடியலன்னு உக்காருதேன். அஞ்சு நிமிசம் கழிச்சு "எனக்கென்ன, எளவட்டம்"னு எந்திரிக்கேன். ரெண்டு வெட்டு, திரும்பச் சாஞ்சிருதேன். கட்டையும் அப்படித்தான். பாரத்த இறக்குனதும் வோல்ட்டு தானா ஏறும். ஏறுனதும் நீரு எழுப்புதீரு, எழுப்புனதும் விழுது, விழுந்ததும் ஏறுது. கடைசிச் சொட்டு வரைக்கும் இந்த ஊஞ்சலாட்டம். 3.0-ல நிறுத்துனா 3.4 வந்தாத்தான் எழுப்பணும். கெழவன் சார்ஜு ஏறாம எந்திரிச்சா நம்பாதயும்.

இந்தா, அத்தை வந்துட்டா. ஏட்டி, மருமவனுக்கு மொதல்ல வையி. என்னது? மிஷினா? தூசியா இருந்துச்சுன்னு தொடச்சியா? சரி, நல்லதுதான். கட்டையையும் கழத்தித் தொடச்சு மாட்டிட்டியா... எந்தப் பக்கமா மாட்டுன?

"அது உள்ள போற பக்கமா" மாட்டுனாளாம்.

மருமவனே, எலைய அப்படியே வச்சிட்டு உள்ள ஓடும். அந்த வாடை வடை வாடை இல்ல.